பிரான்சிஸ்காவின் சமாதானம்

தோட்டவெளியில் பிரான்சிஸ்கா அக்காவின் சாப்பாட்டுக் கடையில் உப்புக் கேட்கக் கூடாது. கேட்டவர்களுக்கு, "கடல் பின்னுக்குத்தானே கிடக்கு, போய் அள்ளும்" என்ற பதில்தான் கிடைக்கும். அதோடு அவர்களுடைய பீங்கானும் கவிழ்ந்துவிடும்.

பீங்கான் விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்தக் கடைக்கு வாடிக்கையாக வருகிற ஒவ்வொருவருக்கும் சுவரில் அடித்த பலகையில் சொந்தமாக ஒரு பீங்கான் தட்டு உண்டு. அதில் வேறு யாருக்கும் சோறு போடமாட்டார். என்னுடையது பச்சைக் கரை போட்டது. ஒருவர் மேல் அக்காவுக்குக் கோபம் வந்தால் அந்த ஆளின் பீங்கானைக் குப்புறக் கவிழ்த்து வைப்பார். அது நிமிரும் வரை அந்த ஆளுக்கு அங்கே சோறு இல்லை. கெஞ்சிப் பார்க்கலாம், நாலு பேரைக் கூட்டிவந்து பேசிப் பார்க்கலாம், ஒன்றும் நடக்காது.

பீங்கான் கவிழப் பெரிய குற்றம் எதுவும் தேவையில்லை. "இண்டைக்கு என்ன கறி?" என்று கேட்டாலே போதும். ஓட்டோக்கார அமல்ராஜ் ஒரு நாள் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு "பரவாயில்லை" என்று சொன்னதற்கு மூன்று கிழமை வெளியே கிடந்தார். கொழும்பிலிருந்து வந்த ஒரு கூட்டம் நண்டுக் கறியைச் சுற்றி நின்று ஆளுக்கொரு ஃபோனை நீட்டியது. "அது உயிரோட இருக்கேக்க ஒருத்தரும் படம் எடுக்கேல்ல, இப்ப என்னத்துக்கு?" என்று அக்கா சட்டியோடு தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். வாசலில் வந்து நிற்கிற கழுதைகளோடு மட்டும் அவர் மரியாதையாகப் பேசுவார். "வாங்கோ ராசா, பொறுங்கோ, பூசணித் தோல் இருக்கு" என்பார். நாங்கள் உள்ளே வாயைத் திறக்காமல் சாப்பிட்டுக்கொண்டிருப்போம்.

பிறகு ஏன் அங்கே போய்ச் சாகிறாய் என்று கேட்பீர்கள். அவருடைய ஓராமீன் குழம்பைச் சாப்பிட்டவர்கள் கேட்கமாட்டார்கள். சோற்றில் ஊற்றிப் பிசைந்து வாயில் வைத்தால் முதலில் புளி தெரியும், அடுத்து மிளகு, விழுங்கி முடித்த பிறகு எங்கிருந்தோ பெருஞ்சீரகம் வரும். கணவாயைக் கறுப்பாக வதக்கி வைப்பார், பல்லே தேவைப்படாது. சொதியை நான் உள்ளங்கையில் ஊற்றி உறிஞ்சிக் குடிப்பேன். எனக்கு அதில் வெட்கம் கிடையாது.

நான் மீற்றர் பார்க்கிறவன். பாப்பாமோட்டையிலிருந்து தினமும் மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டி இந்தத் தீவுக்கு வந்து, வீடு வீடாகப் போய் மின்சார மீற்றரின் இலக்கத்தை எழுதுவது என் வேலை. என்னைக் கண்டு முகம் மலர்ந்த வீடு இந்தத் தீவில் ஒன்றுகூட இல்லை, நாய்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அப்படிப்பட்டவனுக்கு மத்தியானச் சோறாவது ஒழுங்காக அமைய வேண்டாமா? அக்கா என்னை "மீற்றர்" என்றுதான் கூப்பிடுவார். இராமலிங்கம் என்ற என் பெயரை ஏழு வருடத்தில் ஒரு நாளும் அவர் கேட்டதில்லை.

கவிழ்ந்த பீங்கான் நிமிர ஒரே ஒரு வழி இருந்தது. அதைக் கண்டுபிடித்தவர் ஊர்த் தேவாலயத்தின் பங்குச் சுவாமி றெனால்ட். ஒரு சனிக்கிழமை அவர் நண்டுக் காலை உறிஞ்சிக்கொண்டே, "உறைப்புக் கொஞ்சம் கூடிப்போச்சு" என்று சொல்லிவிட்டார். சுவாமி என்றும் பாராமல் அவருடைய பீங்கானும் கவிழ்ந்தது. மறுநாள் பூசையில் சமாதானம் சொல்லும் நேரம் வந்தபோது, சுவாமி பீடத்தில் நின்று கையை விரித்து, ஆண்டவருடைய சமாதானம் உங்களோடு இருப்பதாக என்றார். கண்ணை மட்டும் பிரான்சிஸ்கா அக்காவை விட்டு எடுக்கவில்லை. சனம் முழுவதும் "உம்மோடும் இருப்பதாக" என்றது. அக்காவும் சொல்லத்தான் வேண்டியிருந்தது. மத்தியானம் சுவாமி நேரே கடைக்கு வந்து வாங்கில் உட்கார்ந்தார்.

"காலமை எனக்குச் சமாதானம் சொன்னனீங்கள். கடவுளுக்கு முன்னால சொன்னதைச் சோத்துக்கு முன்னால மாத்தேலாது."

அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு பீங்கானை நிமிர்த்தினார்.

அன்று முதல் அதுவே சட்டமானது. பூசையில் சமாதான நேரத்தில் பக்கத்தில் இருப்பவர்களைப் பார்த்து எல்லோரும் கைகூப்புவார்கள். அக்காவோடு முகம் பார்த்துக் கைகூப்பி, அவரும் திருப்பிக் கைகூப்பினால் பீங்கான் நிமிரும். இதனால் ஞாயிற்றுக்கிழமை அக்கா இருக்கிற வாங்குக்கு அடிபிடி. பெண்களுக்குக் கஷ்டமில்லை. ஆண்கள்பாடு திண்டாட்டம், ஏனென்றால் அந்தக் கோயிலில் ஆண்கள் ஒரு பக்கமும் பெண்கள் மறுபக்கமும் இருக்க வேண்டும். அமல்ராஜ் தந்திரமாகத் தன் மனைவியை அனுப்பிச் சமாதானம் வாங்கிப் பார்த்தார். "வாங்கின ஆள்தான் சாப்பிடலாம், ஆளுக்காள் மாத்தேலாது" என்று அக்கா தீர்ப்புச் சொன்னார். அந்த மூன்று கிழமையும் மனைவி உள்ளே கணவாய் சாப்பிட, அமல்ராஜ் வெளியே ஓட்டோவுக்குள் பேக்கரிப் பணிஸ் சாப்பிட்டார்.

ஏழு வருடமாக என் பீங்கான் மட்டும் கவிழவில்லை. எனக்கு அதில் தலைகால் தெரியாத பெருமை. அந்தப் பெருமை போன சனிக்கிழமை மத்தியானம் ஒரு விரல் சம்பலில் போய்விட்டது.

அன்று அக்கா முதல் தடவையாக, மாசிக் கருவாடும் மிளகாயும் சேர்த்து உரலில் இடிக்கிற இடிசம்பல் செய்திருந்தார். மலைநாட்டிலிருந்து இங்கே வந்து குடியேறிய எங்கள் சனத்துக்கு ரொட்டியும் இடிசம்பலும் தாய்ப்பாலுக்கு அடுத்த சாப்பாடு. நான் தொட்டு நாக்கில் வைத்தேன். பக்கத்தில் இருந்த அமல்ராஜிடம் மெதுவாகத்தான் சொன்னேன்.

"வீட்டுச் சம்பல் இதைவிடத் திறம்."

அந்த நேரம் பார்த்துக் கடையில் ஒருவரும் மெல்லவில்லை. அக்கா கையிலிருந்த அகப்பையைக் கீழே வைத்தார். சோறு வீணாவது அவருக்குப் பிடிக்காது, அதனால் நான் சாப்பிட்டு முடிக்கும் வரை தலைக்கு மேல் நின்றார். பிறகு பீங்கானைக் கழுவி, துடைத்து, எல்லோரும் பார்க்கக் கவிழ்த்தார்.

"மீற்றர் பாக்க வரலாம். சாப்பிட வரக் கூடாது."

இதை அப்படியே போய்ச் சிவராணியிடம் சொல்லியிருந்தால் ஒரு வில்லங்கமும் வந்திருக்காது. சிவராணி என் மனைவி. ஆனால் ஏழு வருடமாக அவள் கட்டித் தந்த சோற்றுப் பார்சலை வேண்டாமென்றுவிட்டு, இரவில் அவள் குழம்பைச் சாப்பிட்டுக்கொண்டே "இதில என்னமோ கொறையுது" என்று சொல்லிவந்தவன் நான். இப்போது போய் உன் சம்பல்தான் உசத்தி என்றால் என் ஏழு வருடக் கௌரவம் என்ன ஆவது?

அதைவிடப் பெரிய சிக்கலும் இருந்தது. ஒரு கிழமைக்கு முன்பே அவள் எனக்குத் தவணை வைத்திருந்தாள். வீட்டில் நாங்கள் பேசுவது மலைநாட்டுத் தமிழ். அவள் கோபப்பட்டால் அது இன்னும் மேலே, தேயிலைக் கொழுந்து உயரத்துக்குப் போய்விடும்.

"ஏழு வருசமா ஒரு பொம்பள கையால திங்கிறீங்க. ஒரு நாளு என்னையக் கூட்டிக்கிட்டுப் போனதில்ல. அங்க சோறு மட்டுந்தானா, வேற என்னமும் இருக்கா?"

"அவங்களுக்கு அறுவது வயசு, சிவராணி."

"வயசக் கேட்டேனா? சிவராத்திரி வெரதம் முடிஞ்சு திங்கக்கெழம எனக்கு அங்கதான் சாப்பாடு. கூட்டிக்கிட்டுப் போகலன்னா இனிமே ஒங்களுக்கும் அங்கதான் சாப்பாடு, அங்கதான் படுக்கை."

நான் அவளை அதுவரை கூட்டிப் போகாததற்குக் காரணம் பயம். அவளும் யாருக்கும் தலை குனிகிற ஆள் இல்லை, அக்காவும் இல்லை. இப்போது திங்கட்கிழமை அவளைக் கூட்டிப் போய், அவள் கண் முன்னால் அக்கா என்னை வாசலில் மறித்தால், அந்தச் சண்டைக்கு என்ன காரணம் சொல்வது? சொல்லாவிட்டால் அவளே ஒரு காரணம் கண்டுபிடிப்பாள். திங்கள் தப்பினால் செவ்வாய் ஒரு நாள்தான் மிச்சம். புதன் விபூதிப் புதன். அன்று தொடங்கும் தவக்காலம் நாற்பது நாளும் அக்கா கடையைப் பூட்டிவிடுவார். தவக்காலத்தில் வாய்க்கு ருசியாகச் சமைப்பது பாவம், ருசியில்லாமல் சமைக்கத் தனக்குத் தெரியாது என்பார்.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய்ச் சமாதானம் வாங்கியே ஆக வேண்டும். ஞாயிறுதான் சிவராத்திரி.

காலையில் குளித்து, வழக்கம்போல விபூதி பூசி, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு மோட்டார் சைக்கிளை எடுத்தேன். சிவராணி வாசலுக்கு வந்தாள்.

"எங்க?"

"சேர்ச்சுக்கு."

அவள் என் நெற்றியைப் பார்த்தாள், சட்டையைப் பார்த்தாள்.

"சிவராத்திரி அன்னிக்கா?"

"எல்லாச் சாமியும் ஒண்ணுதானே" என்றேன். எனக்கே அது நம்பும்படியாக இல்லை.

"அப்ப நானும் வந்து அந்தச் சாமியப் பாக்கிறேன்" என்று சேலையை மாற்றிக்கொண்டு பின்னால் ஏறிவிட்டாள். பாலம் தாண்டும் வரை என் தோளைப் பிடிக்காமலே இருந்தாள்.

கோயிலில் நான் ஆண்கள் பக்கத்தில் நடுப் பாதையை ஒட்டிய இடத்தைப் பிடித்தேன். அந்தக் கிழமை பீங்கான் கவிழ்ந்து கிடந்தது எனக்கு மட்டும்தான், அதனால் அக்காவின் வாங்கில் இடம் காலியாக இருந்தது. சிவராணி போய் அவருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். அவளுக்கு இவர் யாரென்று தெரியாது, இவருக்கு அவள் யாரென்று தெரியாது.

எப்போது எழும்ப வேண்டும், எப்போது இருக்க வேண்டும் என்று அமல்ராஜ் காதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தார். "இரும். எழும்பும். இப்ப இல்லை, பொறும்." சமாதான நேரம் வந்ததும் என் விலாவில் இடித்தார்.

அக்கா முதலில் சிவராணியின் பக்கம் திரும்பிக் கைகூப்பினார், சிரிக்கவும் செய்தார். அந்தச் சிரிப்பை நான் ஏழு வருடத்தில் கண்டதில்லை, கழுதைகள் கண்டிருக்கலாம். பிறகு முன்னுக்கு, பின்னுக்கு. என் பக்கம் வரும்போது மட்டும் அந்தோனியார் சொரூபத்தைப் பார்த்தார். நான் எட்டிப் பார்த்தேன். அவர் இன்னும் கொஞ்சம் மேலே, கூரையைப் பார்த்தார். எனக்குத் திங்கட்கிழமை நினைவுக்கு வந்தது. நடுப் பாதையைக் கடந்து அவருக்கு முன்னால் போய் நின்று கைகூப்பினேன்.

"அக்கா, சமாதானம்."

அவர் கண்ணை மூடிக்கொண்டு உருக்கமாகச் செபிக்கத் தொடங்கினார். நான் காத்து நின்றேன். அதற்குள் பாட்டு முடிந்து கோயில் முழுவதும் முழங்காலில் நின்றது. நான் மட்டும் நெற்றி நிறைய விபூதியோடு, பெண்கள் பக்கத்தில், ஒரு பெண்ணைக் கும்பிட்டபடி நின்றுகொண்டிருந்தேன். பீடத்தில் றெனால்ட் சுவாமி தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு உடனே குனிந்துகொண்டார். அவருடைய தோள் குலுங்கியது. சிவராணி என்னைப் பார்த்தாள். நெற்றிக்கண் என்றால் என்னவென்று சிவராத்திரி அன்று நான் தெரிந்துகொண்டது அந்தக் கோயிலில்தான்.

பூசை முடிந்து வாசலில் அவள் அக்காவை மறித்துவிட்டாள்.

"அம்மா, நில்லுங்க. இவரு எதுக்கு ஒங்களக் கும்புட்டுக்கிட்டு நின்னாரு?"

"நீர் ஆர் பிள்ளை?"

"இவரு பொண்டாட்டி."

அக்கா அவளை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். "ஓ. அப்ப அந்தச் சம்பல்காரி நீர்தானோ?"

"எந்தச் சம்பலு?"

"என்ர கடையில இருந்து என்ர சோத்தைத் திண்டுகொண்டு, வீட்டுச் சம்பல் இதைவிடத் திறமெண்டு சொன்னவர் உம்மட மனுசன். அதுக்குத்தான் அவற்ற பீங்கானைக் கவிட்டு வச்சிருக்கிறன்."

நான் கோயில் மணியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எப்ப சொன்னாரு?" சிவராணியின் குரல் இறங்கியிருந்தது.

"நேற்று."

"சத்தமாவா?"

"கடை முழுக்கக் கேட்டது."

அவள் என் பக்கம் திரும்பினாள். சிரிப்பாள் என்று நினைத்தேன். கண் கலங்கியிருந்தது. ஊர்க் கடையில் சொன்னதை வீட்டில் ஒரு நாள் சொல்லியிருக்கலாம் என்று எனக்குச் சுருக்கென்றது. வெட்கமாகவும் இருந்தது. அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அக்காவிடம் நிமிர்ந்தாள்.

"நாளைக்கு நாங் கொண்டாறேன். தின்னு பாத்துட்டுச் சொல்லுங்க."

"கொண்டு வாரும். உமக்குச் சமாதானம் தந்திட்டன், உமக்குச் சோறு இருக்கு. மீற்றருக்கு இல்லை."

அன்றிரவு திருக்கேதீச்சரத்தில் கண் விழித்து, திங்கள் விடிய வீட்டுக்கு வந்ததும் வராததுமாக அவள் உரலை எடுத்துவிட்டாள். எனக்கு ஒரு நக்குக்கூடத் தரவில்லை. ஒரு ஜாம் போத்தலில் அடைத்து மடியில் வைத்துக்கொண்டு வந்தாள்.

செய்தி அதற்குள் ஊருக்குள் போயிருந்தது. சுவாமி, அமல்ராஜ், வாடிக்கைக்காரர் ஒருவர் மிச்சமில்லாமல் வாங்குகளில் நெருக்கிக்கொண்டு இருந்தார்கள். சிவராணி உள்ளே போனாள், நான் கழுதைகளோடு வெளியே நின்றேன். அவளுக்குச் சோறு வந்தது. ஓராமீன் குழம்பைப் பிசைந்து ஒரு வாய் வைத்தாள். கொஞ்ச நேரம் மெல்லவில்லை. பிறகு நிமிராமல் சாப்பிட்டாள், இன்னொரு தடவையும் வாங்கினாள். ஏழு வருடம் நான் சொன்னது பொய்யில்லை என்று அவளுக்கு விளங்கிவிட்டது, எனக்கு ஒரு பாரம் இறங்கியது.

அடுத்து அக்கா போத்தலைத் திறந்து சம்பலைத் தொட்டு நாக்கில் வைத்தார். கோயிலில் மூடியதைவிட இறுக்கமாகக் கண்ணை மூடினார்.

"மாசியை வறுத்தோ இடிக்கிறனீர்?"

"வறுக்க மாட்டேன். வெயில்ல காயவச்சுத்தான்."

"ம்." அவ்வளவுதான். நல்லதென்றும் சொல்லவில்லை, கெட்டதென்றும் சொல்லவில்லை. சிவராணி அக்காவின் சம்பலைத் தொட்டுப் பார்த்துவிட்டு அவளும் "ம்" என்றாள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

சுவாமிதான் கையை உதறிக்கொண்டு சொன்னார். "ரெண்டு வீட்டுச் சாப்பாட்டையும் ஏழு வருசமாத் திண்டவர் ஒராள்தான். அவர் வெளியில நிக்கிறார். கூப்பிட்டுக் கேளுங்கோவன்."

அந்த மனிதருக்கு நான் என்ன தீங்கு செய்தேன் என்று தெரியவில்லை.

அக்கா பச்சைக் கரைப் பீங்கானை எடுத்து நிமிர்த்தினார். "தீர்ப்புச் சொல்ல மட்டும்" என்றார். சோறு, ஓராமீன், கணவாய். இடப் பக்கம் சிவராணியின் சம்பல் ஒரு குவியல், வலப் பக்கம் அக்காவின் சம்பல் ஒரு குவியல். இடப் பக்கம் சிவராணி நின்றாள், வலப் பக்கம் அக்கா நின்றார்.

"எது திறம்?"

"சாப்பிட்டு முடிச்சுச் சொல்லுறன்."

நான் அவ்வளவு மெதுவாக என் வாழ்நாளில் சாப்பிட்டதில்லை. மீன் முள்ளை ஒவ்வொன்றாக எடுத்து வரிசையாக வைத்தேன். பிறகு சம்பல். சிவராணியுடையது எப்போதும் போலிருந்தது, அதாவது குறை சொல்ல இடமில்லை. அக்காவுடையதில்தான் இடி விழுந்தது. அது சனிக்கிழமைச் சம்பல் இல்லை. இரண்டு நாளாக அந்த மனுசி இடித்து இடித்துத் திருத்தியிருக்கிறார். சத்தியமாகச் சொல்கிறேன், எது திறமென்று எனக்கே தெரியவில்லை. கடைச் சம்பல் என்றால், நேற்றுக் கலங்கிய கண்ணுக்கு நான் என்ன பதில் சொல்வது? வீட்டுச் சம்பல் என்றால், அந்தப் பீங்கான் என் ஆயுளுக்கும் நிமிராது.

கடைசிப் பருக்கையையும் வழித்துச் சாப்பிட்டேன். சுவாமியின் கையில் நண்டுக் கால் அந்தரத்தில் நின்றது. இடப் பக்கம் பார்த்தேன், வலப் பக்கம் பார்த்தேன்.

"அக்கா, கொஞ்சம் உப்பு இருக்கா?"

அமல்ராஜுக்குப் புரையேறியது. அக்காவின் வாய் பழக்கதோஷத்தில் "கடல் பின்னுக்குத்தானே" என்று தொடங்கி, பாதியில் நின்றது. என்னை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தார். பிறகு பீங்கானை எடுத்துக் கழுவி, துடைத்து, டம் என்று கவிழ்த்தார். நான் நல்ல பிள்ளையாக எழுந்து வெளியே வந்தேன். மறுபடி வெளியேதான், ஆனால் வயிறு நிறைந்திருந்தது, இரண்டு பெண்களில் ஒருவரும் தோற்கவில்லை. உள்ளே சிவராணி சிரிக்கிற சத்தம் கேட்டது. கூடவே இன்னொரு சிரிப்பும் கேட்டது, அது யாருடையதென்று திரும்பிப் பார்க்க எனக்குத் துணிவில்லை.

அரை மணித்தியாலம் கழித்துத்தான் அவள் வந்தாள். போகும்போது கையில் ஒரு போத்தல் இருந்தது, வரும்போதும் ஒரு போத்தல் இருந்தது.

செவ்வாய்க்கிழமை காலை வேலைக்குப் புறப்படும்போது சோற்றுப் பார்சலை நீட்டினாள். ஏழு வருடத்துக்குப் பிறகு வாங்கிக்கொண்டேன். மத்தியானம் தாராபுரத்தில் ஒரு வேப்ப மரத்தடியில் அவிழ்த்தேன். சோறு, பருப்பு, முட்டைப் பொரியல். ஓரமாக, ஒன்றையொன்று தொடாமல், இரண்டு குவியல் சம்பல். எது எவருடையது என்று தெரியாதபடி இரண்டையும் ஒரே அளவாக வைத்திருந்தாள்.

சாயந்தரம் போனதும் எது திறமென்று கேட்பாள். வீட்டில் உப்புக் கேட்டால் உப்புத் தருவார்கள்.